அரைமணி நேரம் பிள்ளைக்குச் சொந்தம்

ஆகஸ்ட் முதலாம் திகதி தொடக்கம் ஏழாம் திகதி வரை உலகத் தாய்ப்பாலூட்டல் வாரம். 1992 ஆம் ஆண்டிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் இது அனுஷ்டிக்கப்படுகிறது. அந்த வாரத்தில் மட்டுமல்ல, எந்த மாதத்தில் கிளினிக்குக்குப் போனாலும் நம் தாய்மார் கேட்கும் வார்த்தை ஒன்றுதான்: "ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் கொடுங்கள். தண்ணீர்கூட வேண்டாம்."

சரியான வார்த்தை. அதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கொழுந்து எடுக்கும் தாய் அதைக் கேட்டுவிட்டு மனதுக்குள் ஒரு கணக்குப் போடுகிறார். பிரசவ லீவு பொதுவாகப் பிள்ளை பிறந்து பத்து வாரத்தில் முடிந்துவிடுகிறது. ஆறு மாதம் என்பது 26 வாரம். லீவு முடிந்து கூடையைத் தூக்கிய நாளிலிருந்து மிச்சம் இருக்கும் 16 வாரத்துக்கு என்ன வழி?

இந்தக் கேள்விக்குப் பதாகையில் பதில் இல்லை. பெரட்டில் பேர் கொடுக்கும் இடத்திலும் பதில் இல்லை. எனவே நமது சங்கம் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. தாய்ப்பால் வைத்தியசாலைச் சங்கதி, சங்கத்துக்கு அதில் என்ன வேலை என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். ஒரு தாய்க்குப் பால் கொடுக்கத் தேவைப்படுவது இரண்டு: நேரமும் நம்பத்தகுந்த வார்த்தையும். நேரம் வேலைத்தளத்தில் இருந்துதான் வர வேண்டும். ஆகவே இது சம்பளத்தைப் போல, லய வீட்டைப் போல, சங்கத்தின் வேலைதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

1939 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் தோட்டத்துப் பெண்களுக்கும் உரியது. அதன்படி பிரசவ லீவு 84 நாட்கள். பொதுவாகப் பிரசவத்துக்கு முன் இரண்டு வாரம், பின் பத்து வாரம். நாட்சம்பளக்காரருக்கு அந்த நாட்களில் நாட்சம்பளத்தின் ஏழில் ஆறு பங்கு கிடைக்க வேண்டும். முன்பு மூன்றாம் பிள்ளை என்றால் 42 நாட்கள்தான் என்றிருந்தது. 2018 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அந்த வேறுபாட்டை நீக்கிவிட்டது. இன்று எத்தனையாவது பிள்ளையானாலும் 84 நாட்கள்தான். "மூன்றாவது பிள்ளைக்கு ஆறு வாரம்தான்" என்று யாராவது பழைய கதை சொன்னால், இந்த இலக்கத்தைச் சொல்லுங்கள்.

நம் பிள்ளைகள் படிக்கும் பாடசாலையின் ஆசிரியைக்கு 84 வேலை நாட்கள் முழுச் சம்பளத்துடன் லீவு. ஞாயிறும் விடுமுறையும் அந்தக் கணக்கில் சேராது. அதற்குப் பின் அரைச் சம்பளத்துடன் இன்னும் 84 நாட்கள் எடுக்கலாம். கொழுந்து எடுக்கும் தாய்க்கு ஞாயிறும் சேர்த்து 12 வாரம். ஒரே மலை, ஒரே ஊர், இரண்டு தாய்மார், இரண்டு கணக்கு. ஆசிரியைக்குக் கிடைப்பது அதிகம் என்று நாம் சொல்லவில்லை. நம் தாய்க்குக் கிடைப்பது குறைவு என்கிறோம். அதை மாற்றப் பாராளுமன்றம் வரை போக வேண்டும். அந்தக் கோரிக்கையை நாம் விடப்போவதில்லை.

ஆனால் எந்தப் பாராளுமன்றத்துக்கும் போகாமல், இன்றைக்கே நம் கையில் இருக்கும் ஓர் உரிமையும் இருக்கிறது. அதே சட்டம் சொல்கிறது: ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பால் கொடுக்கும் தாய்க்கு, ஒன்பது மணித்தியால நேரத்துக்குள் இரண்டு பாலூட்டும் இடைவேளைகள் கொடுக்க வேண்டும். தோட்டத்தில் பிள்ளைக் காம்பராவோ வேறு தகுந்த இடமோ இருந்தால் ஒவ்வொரு இடைவேளையும் அரைமணி நேரத்துக்குக் குறையக்கூடாது. அப்படி ஓர் இடம் இல்லாவிட்டால் ஒவ்வொன்றும் ஒரு மணித்தியாலத்துக்குக் குறையக்கூடாது. சாப்பாட்டு நேரமும் தேத்தண்ணி நேரமும் இதில் சேராது. இது அவற்றுக்கு மேலதிகமானது. நேரத்தையும் தாயின் தேவையைப் பார்த்தே கொடுக்க வேண்டும்.

சர்வதேச தொழில் ஸ்தாபனத்தின் 1952 ஆம் ஆண்டின் 103 ஆம் இலக்கச் சமவாயத்தை இலங்கை 1993 இல் ஏற்றுக்கொண்டது. பால் கொடுக்க எடுக்கும் நேரத்தை வேலை நேரமாகவே கணக்கிட்டுச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்பது அந்தச் சமவாயத்தின் போக்கு. ஆகவே "பிள்ளைக்குப் பால் கொடுக்கப் போகிறேன்" என்று சொல்லும் தாய் கங்காணியிடம் தயவு கேட்கவில்லை. தன்னுடைய நேரத்தைத்தான் கேட்கிறார்.

உரிமை எங்கே தொலைகிறது?

இவ்வளவும் இருந்தும், தெல்தோட்டை, கலஹா, புப்புரஸ்ஸ, ரங்கல, மடுல்கலைப் பக்கத்துத் தோட்டங்களில் தாய்மாரிடம் பேசினால், இப்படி ஓர் இடைவேளை இருப்பதே பலருக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்களுக்கும் அது முழுதாகக் கிடைப்பதில்லை. நேரடியாக யாரும் மறுப்பதும் இல்லை. வேறு மூன்று வழிகளில் அது கையை விட்டுப் போகிறது.

முதலாவது தூரம். காம்பரா லயத்துக்குப் பக்கத்தில் இருக்கும். கொழுந்து எடுக்கும் மலை மேட்டில் இருக்கும். இறங்க இருபது நிமிடம், ஏற அதைவிடக் கூட. அரைமணி நேர இடைவேளை பாதையிலேயே முடிந்துவிடுகிறது. பிள்ளை வாயைத் திறக்கும் முன்னே தாய் திரும்பி நடக்க வேண்டும்.

இரண்டாவது தராசு. நேரத்தைக் கொடுத்துவிட்டு நிறையைக் குறைக்காவிட்டால், கொடுத்தது என்ன? ஒரு தோட்டத்தில் நாள் பேருக்கு 18 கிலோ கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். எட்டு மணித்தியால வேலையில் ஒரு மணித்தியாலம் பிள்ளைக்குப் போனால், எட்டில் ஒரு பங்கு நேரம் குறைகிறது. நியாயப்படி அந்தத் தாயிடம் கேட்க வேண்டியது பதினைந்தே முக்கால் கிலோ. காம்பரா இல்லாத தோட்டத்தில் இரண்டு மணித்தியாலம் போகிறது. அப்போது பதின்மூன்றரைக் கிலோ. ஆனால் தராசு பதினெட்டையே கேட்டால், அந்தத் தாய்க்கு அரைப் பேர்தான் விழும். பால் கொடுத்ததற்குத் தண்டனையாக அரை நாள் சம்பளம் போகும் என்றால், எந்தத் தாய் மலையை விட்டு இறங்குவார்?

மூன்றாவது கைக்காசு. இன்று பல தோட்டங்களில் கிலோக் கணக்குக்குக் கொழுந்து எடுக்க விடுகிறார்கள். அந்த முறையில் வேலை செய்யும் தாய்க்குப் பாலூட்டும் நேரம் என்பது காசு வராத நேரம். பெயர் செக்ரோலில் இல்லாததால் கேட்கவும் பயம். புதிய முறை என்ற பெயரில் பழைய உரிமை கழற்றப்படுவதற்கு இது ஓர் உதாரணம். பால் குடிக்கும் பிள்ளைக்குத் தன் தாய் செக்ரோலில் இருக்கிறாரா, கைக்காசில் இருக்கிறாரா என்பது தெரியாது.

இதன் விலையை யார் கொடுக்கிறார்கள்?

பத்து வாரப் பிள்ளையை விட்டுவிட்டு மலைக்குப் போகும் தாயின் வீட்டில், பசியில் அழும் பிள்ளைக்குச் சீனித் தண்ணீர் போகிறது. பிறகு தேத்தண்ணியில் நனைத்த ரஸ்க் போகிறது. பிறகு கடன் வாங்கிய காசில் பால்மா வருகிறது. காசு தட்டுப்பட்டால் இரண்டு கரண்டி போட வேண்டிய இடத்தில் ஒன்று. 2022 இல் பால்மாவுக்கு நாம் வரிசையில் நின்றதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த வரிசையில் தாய்ப்பால் மட்டும் இல்லை. விலை ஏறாத ஒரே பால் அதுதான். பீலித் தண்ணீரில் கரைத்த மாவால் வரும் வயிற்றோட்டமும் அதில் இல்லை.

2016 ஆம் ஆண்டுக் குடித்தொகை, சுகாதார அளவெடுப்பின்படி இலங்கையில் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் 17.3 வீதமானோர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தோட்டப்புறத்தில் மட்டும் பார்த்தால் அது 31.7 வீதம். அதே அளவெடுப்பில் ஆறு மாதத்துக்குக் குறைந்த பிள்ளைகளில் 82 வீதமானோர் தாய்ப்பால் மட்டும் குடிப்பதாக நாட்டின் கணக்கு சொன்னது. 2020 இல் உலகத் தாய்ப்பாலூட்டல் போக்குகளைக் கணிக்கும் அமைப்பின் தரப்படுத்தலில் இலங்கை முதலிடத்துக்கு வந்தது. நாடு பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் அந்தப் பெருமை லயத்துப் படியில் ஏறி வந்திருக்கிறதா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

பிள்ளைகள் கட்டையாகப் போவதற்குத் தாய்ப்பால் குறைவு மட்டும் காரணமல்ல. தாயின் இரத்தசோகை, எடை குறைந்த பிறப்பு, ஒற்றை அறை, அசுத்தத் தண்ணீர், ஆறு மாதத்துக்குப் பிறகு கிடைக்கும் சாப்பாடு எல்லாம் சேர்ந்ததுதான் காரணம். ஆனால் முதல் ஆறு மாதம் என்பது நாம் காசு இல்லாமலே காப்பாற்றக்கூடிய காலம். அதையும் விட்டுவிட்டால் பிறகு பிடிப்பது கஷ்டம்.

இன்னொரு விலையைப் பாடசாலையில் இருக்கும் நாங்கள் அறிவோம். வரவுப் பதிவேட்டில் சில பிள்ளைகளின் பெயருக்கு நேரே அடுத்தடுத்து வராத குறி விழும். விசாரித்தால் "தங்கச்சிப் பாப்பாவைப் பார்க்க வீட்டில் நின்றாள்" என்பார்கள். ஆறாம், ஏழாம் வகுப்புப் பெண் பிள்ளைகள். தாய்க்குச் சட்டம் கொடுத்த அரைமணி நேரம் கிடைக்காதபோது, அக்காவின் முழு நாளை எடுத்து அந்தக் குறையை அடைக்கிறோம். ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைகளின் பங்கு போகிறது.

எந்த வார்த்தையை நம்புவது?

நேரம் கிடைத்தாலும் வார்த்தை பிழைத்தால் பயன் இல்லை. பிள்ளை பெற்ற வீட்டுக்கு வருபவர் எல்லோரும் ஒரு புத்தி சொல்வார்கள். கடைக்காரர் ஒன்று சொல்வார், போனில் வரும் வீடியோ ஒன்று சொல்லும், பக்கத்து லயத்து அக்கா ஒன்று சொல்வார். இளம் தாய் யாரை நம்புவார்? கீழே உள்ளவை சுகாதாரத் துறையும் உலக சுகாதார ஸ்தாபனமும் சொல்பவை. வெட்டி எடுத்துக் காம்பராச் சுவரில் ஒட்டி வையுங்கள்.

பிள்ளை பிறந்து ஒரு மணித்தியாலத்துக்குள் மார்பில் போட வேண்டும். முதல் வரும் மஞ்சள் நிறச் சீம்பால் கெட்ட பால் அல்ல. அது பிள்ளையின் முதல் தடுப்பு மருந்து. பீய்ச்சி ஊற்றாதீர்கள்.

பிறந்த பிள்ளை 24 மணித்தியாலத்தில் எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை வரை குடிக்கும். இரவிலும் குடிக்கும். அடிக்கடி கேட்பது பால் போதாததற்கு அடையாளம் அல்ல. குடிக்கக் குடிக்கத்தான் பால் ஊறும். போத்தல் பால் கொடுக்கத் தொடங்கினால் பிள்ளை மார்பில் குடிப்பது குறையும். அதோடு பாலும் குறையும். "பால் பத்தவில்லை" என்ற பயம் அப்படித்தான் உண்மையாகிப் போகிறது.

பால் போதுமா என்று அறியத் துணியைப் பாருங்கள். முதல் வாரம் கடந்த பிள்ளை ஒரு நாளில் ஆறு தடவையாவது சிறுநீர் கழித்தால், கிளினிக்கில் எடை ஏறினால், பால் போதும். அழுகையை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள்.

பால் கொடுக்கும்போது வலித்தால், பிள்ளை காம்பை மட்டும் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். வாயை அகலத் திறந்து, காம்பைச் சுற்றியுள்ள கறுத்த பகுதியையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். நாடி மார்பில் பட வேண்டும், கீழ் உதடு வெளிப்பக்கம் மடிந்திருக்க வேண்டும். ஒரு தடவை சரியாகக் காட்டிக் கொடுத்தால் பல தாய்மாரின் வலி அன்றைக்கே குறையும்.

பால் கட்டி மார்பு கல்லாகிவிட்டால் கொடுப்பதை நிறுத்தாதீர்கள். பிள்ளைக்குக் கொடுங்கள், மிச்சத்தைக் கையால் பீய்ச்சி எடுங்கள். சிவந்து, வலித்து, காய்ச்சலும் வந்தால் அன்றே வைத்தியரிடம் போங்கள்.

வேலைக்குப் போகும் தாய் பாலை எடுத்து வைத்துவிட்டுப் போகலாம். சவர்க்காரம் போட்டுக் கை கழுவி, கொதிநீரில் கழுவிய மூடியுள்ள பாத்திரத்தில் எடுக்க வேண்டும். பெருவிரல் மேலேயும் மற்ற விரல்கள் கீழேயுமாகக் கறுத்த பகுதிக்குச் சற்றுப் பின்னால் பிடித்து, நெஞ்சுப் பக்கம் அழுத்திப் பிறகு சேர்த்து அமுக்கினால் பால் வரும். வெயில் படாத குளிர்ந்த இடத்தில் மூடி வைத்தால் நான்கு மணித்தியாலம் வரை கொடுக்கலாம். கொதிக்க வைக்கக்கூடாது. குளிர் போக வேண்டுமானால் பாத்திரத்தைச் சுடுதண்ணீரில் வைத்தால் போதும். சிறிய கோப்பையாலோ கரண்டியாலோ கொடுங்கள். சூப்பிப் போத்தல் வேண்டாம். குடித்து மிஞ்சியதை வைக்க வேண்டாம். முதல் நாள் கொஞ்சம்தான் வரும். லீவு முடிய இரண்டு வாரம் இருக்கும்போதே பழகத் தொடங்குங்கள்.

பிள்ளை பால் குடிக்க மறுத்தால், எழுப்பினாலும் சோர்ந்து கிடந்தால், காய்ச்சல் இருந்தால், சிறுநீர் போவது நின்றால், வீட்டு வைத்தியம் பார்க்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள். 1990 சுவசெரிய அம்புலன்சுக்குக் காசு இல்லை.

ஆறு மாதம் முடிந்ததும் மசித்த சோறு, பருப்பு, முட்டை, மீன், கீரை எல்லாம் கொடுக்கத் தொடங்க வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தத் தேவையில்லை. இரண்டு வயது வரைக்கும் அதற்கு மேலும் கொடுக்கலாம்.

ஒரு சில தாய்மாருக்கு நோயாலோ மருந்தாலோ வேறு காரணத்தாலோ பால் கொடுக்க முடியாமல் போகலாம். தாய் வெளிநாட்டில் இருக்க, அப்பாவோ அம்மாயியோ பிள்ளையை வளர்க்கும் வீடும் நம் லயங்களில் உண்டு. அவர்களை யாரும் குறை சொல்லக்கூடாது. எந்தப் பால், எவ்வளவு, எப்படிக் கரைப்பது என்பதை வைத்தியரிடமும் குடும்பநல உத்தியோகத்தரிடமும் கேட்டுச் செய்ய வேண்டும். கடைக்காரரிடம் கேட்டு அல்ல.

பால்மா விற்பவர் பாலூட்டல் பற்றிச் சொல்லும் புத்திக்கு ஒரு நோக்கம் உண்டு. 1981 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை தாய்ப்பாலுக்குப் பதிலான உணவுகளை விற்பது பற்றிய சர்வதேச ஒழுக்கக் கோவையை ஏற்றுக்கொண்டது. குழந்தைப் பால்மாவைப் பொதுமக்களுக்கு விளம்பரம் செய்யவோ, தாய்மாருக்கு இலவச மாதிரி கொடுக்கவோ கூடாது என்கிறது அது. இலங்கைக்கும் சொந்தமாக அப்படி ஒரு கோவை இருக்கிறது. அப்படியானால் போனில் வரும் வீடியோவை எப்படிச் சோதிப்பது? இதைச் சொல்பவர் யார், இதனால் எதையாவது விற்கிறாரா, இதையே நம் மிட்வைப் மிஸ்ஸும் சொல்வாரா? இந்த மூன்று கேள்விக்கும் பதில் பார்த்துவிட்டு நம்புங்கள்.

யாரிடம் கேட்பது?

முதல் ஆள் குடும்பநல உத்தியோகத்தர். நாம் மிட்வைப் மிஸ் என்று சொல்பவர். பிள்ளை பிறந்து முதல் பத்து நாட்களுக்குள் அவர் வீட்டுக்கு இரண்டு தடவை வர வேண்டும். அதற்குப் பிறகும் வர வேண்டும். பால் கொடுப்பதில் வரும் பிரச்சினைகள் பெரும்பாலும் அந்தப் பத்து நாளில்தான் தொடங்குகின்றன. அவருக்கு மலையேறிப் பல லயங்கள் பார்க்க வேண்டியிருக்கிறது. அவர் மேல் கோபப்படாதீர்கள். தாய் வீட்டுக்கு வந்த அன்றே அவருக்குத் தகவல் போகும்படி பார்த்துக்கொள்ளுங்கள். வராவிட்டால் சுகாதார வைத்திய அதிகாரி காரியாலயத்தில் சொல்லுங்கள்.

இரண்டாவது வைத்தியசாலை. கண்டி, பேராதனை, கம்பளை, நாவலப்பிட்டி எங்கே பிரசவமானாலும், துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும் முன் "பிள்ளை சரியாகக் குடிக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள்" என்று தாதியிடம் கேளுங்கள். பெரிய வைத்தியசாலைகளில் பாலூட்டும் தாய்மாருக்கு உதவும் தனிப் பிரிவுகள் இருக்கின்றன. வீட்டுக்குப் போன பிறகு பிரச்சினை வந்தால் அங்கே திரும்பி வரலாமா என்றும் கேட்டு வையுங்கள்.

மூன்றாவது மொழி. கண்டி மாவட்டத்தில் சிங்களம் மட்டும் தெரிந்த உத்தியோகத்தர் முன்னே நம் தாய்மார் தலையை ஆட்டிவிட்டு வருவது வழக்கமாகிவிட்டது. விளங்காத வார்த்தை எவ்வளவு நல்லதானாலும் உதவாது. தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேடு தமிழிலும் இருக்கிறது. தமிழ்ப் புத்தகத்தையே கேட்டு வாங்குங்கள். அதில் பாலூட்டுவது பற்றிய பக்கங்களை வீட்டில் படிக்கிற பிள்ளையை விட்டு அம்மாவுக்கும் அப்பாயிக்கும் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். பாடசாலையில் கற்ற எழுத்துக்கு அதைவிட நல்ல வேலை இல்லை.

நான்காவது நம் லயத்திலேயே இருக்கிறார். ஆறு மாதம் பால் மட்டும் கொடுத்து வளர்த்த தாய் ஒவ்வொரு லயத்திலும் ஒருவராவது இருப்பார். சுகாதாரத் துறை தாய்மார் ஆதரவுக் குழுக்களை ஊர்களில் நடத்துகிறது. நம் தோட்டங்களிலும் தொடங்கக் கேட்போம். மிட்வைப் மிஸ் சொல்லிக் கொடுக்கட்டும், நம் தாய்மார் ஒருவருக்கொருவர் கைகொடுக்கட்டும்.

பெரியம்மாமார், மாமியாருக்கு ஒரு வார்த்தை. லீவும் கிளினிக்கும் இல்லாத காலத்தில் பிள்ளைகளைப் பாலூட்டிக் காப்பாற்றியவர்கள் நீங்கள். பெற்றவளுக்கு ஓய்வு, சூடான சாப்பாடு, பூண்டு, மீன், கீரை என்று நீங்கள் பார்ப்பது எல்லாம் நல்லது. அதைத் தொடருங்கள். பிள்ளையின் வாயில் வைக்கும் சீனித் தண்ணீரையும் கொத்தமல்லித் தண்ணீரையும் கோரோசனையையும் மட்டும் ஆறு மாதத்துக்கு நிறுத்தி வையுங்கள்.

ஆண் தோழர்களுக்கும் சொல்கிறோம். பால் கொடுக்க உங்களால் முடியாது. தண்ணீர் தூக்க, விறகு கொண்டுவர, சோறு ஆக்க, இடைவேளை நேரத்தில் பிள்ளையை மலையடிக்குத் தூக்கி வர முடியும். கிளினிக்கில் தாய்க்குக் கொடுக்கும் திரிபோஷ தாய் சாப்பிடுவதற்கு. வீட்டில் எல்லோரும் பங்கு போட்டுவிட்டால் பால் கொடுக்கும் உடம்புக்கு என்ன மிஞ்சும்? இருக்கும் காசு சாராயக் கடைக்குப் போனாலும் அதே கதைதான்.

தோட்டக் கமிட்டிகள் செய்ய வேண்டியது

இந்த மாதம் ஒவ்வொரு தோட்டத் தலைவரும் மாதர் சங்கத் தலைவியும் சேர்ந்து கீழ்வரும் ஆறு விடயங்களை எழுத்தில் தோட்ட நிர்வாகத்திடம் கொடுக்க வேண்டும். பிரதியைச் சங்கக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள்.

ஒன்று: ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய்மாரின் பட்டியல், பிள்ளை பிறந்த திகதியுடன், ஒவ்வொரு டிவிசனிலும் இருக்க வேண்டும். இரண்டு இடைவேளையும் அந்தப் பட்டியல்படி, கேட்காமலே கிடைக்க வேண்டும். கைக்காசுக்கு எடுக்கும் தாய்மாரின் பெயரும் அதில் இருக்க வேண்டும்.

இரண்டு: அந்தத் தாய்மாருக்குக் காம்பராவுக்குக் கிட்டத்து மலையில் வேலை கொடுக்க வேண்டும். இதற்கு நிர்வாகத்துக்கு ஒரு சதமும் செலவில்லை.

மூன்று: பாலூட்டும் நேரத்துக்கு ஏற்றபடி கிலோவைக் குறைக்க வேண்டும். அதற்காக அரைப் பேர் போடக்கூடாது.

நான்கு: பத்து வாரப் பிள்ளையையும் காம்பராவில் ஏற்க வேண்டும். தாய் இருந்து பால் கொடுக்க ஒரு திரை, ஒரு நாற்காலி, கை கழுவத் தண்ணீர், எடுத்து வைத்த பாலைக் கோப்பையால் கொடுக்கத் தெரிந்த ஆயா, இவ்வளவும் வேண்டும்.

ஐந்து: பால் கொடுக்கும் தாயை மருந்து அடிக்கும் வேலைக்கு அனுப்பக்கூடாது. மருந்து அடித்த மலையில் உடனே கொழுந்து எடுக்கவும் விடக்கூடாது.

ஆறு: மாதம் ஒரு நாள் மிட்வைப் மிஸ் காம்பராவுக்கு வந்து தமிழில் தாய்மாரோடு பேச நேரம் ஒதுக்க வேண்டும். தமிழ் தெரியாதவர் என்றால் மொழிபெயர்க்க நம் பாடசாலை ஆசிரியர்கள் முன்வர வேண்டும். அந்தப் பொறுப்பை எங்கள் பக்கத்தில் ஏற்கிறோம்.

இடைவேளை மறுக்கப்பட்டால் வாய்ச் சண்டை வேண்டாம். திகதி, நேரம், மலை, பேர் போட்ட விதம் ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதுங்கள். எழுதத் தெரியாதவர் பிள்ளையை விட்டு எழுதுவியுங்கள். தோட்டத் தலைவர் மூலம் சங்கத்துக்குக் கொடுங்கள். எழுத்து இருந்தால் தொழில் திணைக்களத்துக்குப் போவது எளிது. கேட்டதற்காகப் பழிவாங்கப்படும் எந்தத் தாயும் தனியாக நிற்க மாட்டார். அவருக்குப் பக்கத்தில் கமிட்டி நிற்க வேண்டும், அந்த டிவிசனின் ஆண் தொழிலாளர்களும் நிற்க வேண்டும்.

1867 இல் இந்தக் கண்டிச் சீமையில், லூல்கந்துரைத் தோட்டத்தில், பத்தொன்பது ஏக்கரில் தேயிலை தொடங்கியது. அன்றிலிருந்து இந்தச் செடிக்கு எத்தனை நாளுக்கு ஒரு தடவை கொழுந்து எடுக்க வேண்டும், எப்போது உரம் போட வேண்டும், எப்போது கவ்வாத்து வெட்ட வேண்டும் என்று கணக்குத் தவறாமல் பார்த்து வருகிறார்கள். நம் பிள்ளைக்கு எப்போது பசிக்கும் என்ற கணக்கும் அந்தப் பெரட்டுப் புத்தகத்தில் ஏற வேண்டும். சட்டம் அதற்கு இடம் கொடுத்திருக்கிறது. அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் முதல் விடயமாக இதை எடுங்கள்.